மூத்த மகனின் சிவப்புப் பட்டி

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். எமிலியானுஸுக்கு இது நடந்தது. புலம்பெயர்ந்து வந்த புவாண்ட்-கிளேரில், பொருட்களை அனுப்ப அவர் மரப்பெட்டி அடிக்கும் கிடங்கில், போன மார்கழியில்.

ஏலத்துக்குப் போகவிருந்த ஒரு மரக் கேடயம் வந்திருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபு வீட்டுச் சின்னம். நீலத்தில் வெள்ளைச் சிங்கம். மேலே குறுக்காக ஒரு சிவப்புப் பட்டி. அதிலிருந்து பல்லுப்போல மூன்று தொங்கல்கள்.

படம் எடுக்க வந்த கஜந்தினி இதையெல்லாம் படித்த பிள்ளை.

"அது மூத்த மகன்ர அடையாளம், அண்ணை. தேப்பன் இருக்குமட்டும் சின்னத்தைப் பட்டியோடதான் பிடிக்கவேணும். செத்தாப் பிறகு பட்டி இல்லை. சின்னமும் கோட்டையும் காணியும் அவனுக்கு."

"தேப்பன் இருக்கேக்கையே அழிச்சால்?"

"கிழவனைச் சாகச் சொல்லுற மாதிரி" என்று சிரித்தாள்.

எமிலியானுஸ் சிரிக்கவில்லை. அவரும் மூத்த மகன். உள்நாட்டுச் சண்டையின் கடைசியில் காணாமற்போன அப்பா இறந்துவிட்டார் என்று அவர் ஒத்துக்கொண்டால் ஊர்க் காணியை விற்கலாம். தம்பி போனில் நச்சரித்தபடி இருந்தான். அம்மாவோ இன்னும் தாலியைக் கழற்றவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் அன்று தம்பியிடம்.

மறுநாள் தொங்கல் இரண்டுதான் இருந்தது.

போர்க்லிப்ட் ஓட்டும் றொசான்மேல் சந்தேகம் விழுந்தது. பகிடி விடுகிறவன்.

"டேய், நீதானே சுரண்டினனி?"

"எனக்கென்ன விசரே? நேற்றுக் கடைசியாப் பூட்டினது நீங்கள்தானே, அண்ணை."

அவன் பார்வையும் மாறிவிட்டது. காவல் கேமராப் பதிவைப் பார்த்தார்கள். கேடயத்துக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை.

அன்று தம்பி கெஞ்சினான். "சரி, பாப்பம்" என்றார்.

மறுநாள் ஒன்று.

ஆளைப் பிடிக்கிறேன் என்று தனியே காவல் இருந்தார். மாலை நாலு நாற்பது. வெளியே இருட்டிவிட்டது. போன் அடித்தது.

"அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லன்."

கேடயத்தைப் பார்த்தார். தொங்கல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓம்... அப்பா செத்திட்டார். எழுதிக் குடு."

சரக்...

நகத்தால் மரத்தைக் கீறும் சத்தம்.

சரக்... சரக்...

திரும்பினார்.

யாருமில்லை.

பட்டியும் இல்லை.

தடவிப் பார்த்தார். கீறலே இல்லை... பழைய நீலம் மட்டும்.

இரண்டு கிழமை கழித்து ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தார். ஆதரவற்றோர் இல்லமொன்றில், பேச்சு மறந்த ஒரு கிழவர் இறந்திருந்தார். உரித்தாளரைத் தேடிப் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அப்பாதான்.

இறந்தது இரண்டு கிழமைக்கு முந்தி, ஊர் நேரம் விடியப்புறம் மூன்று பத்துக்கு. இங்கே அது முதல்நாள் மாலை நாலு நாற்பது.

"ஒரு நோயும் வருத்தமும் இல்லையாம், மோனை" என்றார் அம்மா. "அண்டைக்கும் வடிவாச் சாப்பிட்டுத்தானாம் படுத்தவர்."