காதுக்குப் பின்னால் ஒரு தகடு

தொண்ணூறுகளோட கடைசியில ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. மேல்தோல் தைக்கிற மெஷின்ல நான் உக்காந்திருந்தேன். ஒரு நாள் தைச்சுக்கிட்டே இருக்கும்போது கட்டடமே சுத்துச்சு, பொத்துன்னு கீழ விழுந்தேன். கூட வேலை செய்றவளுங்க வலிப்புன்னு முடிவு பண்ணி ஆளுக்கொரு செருப்பைக் கழட்டி என் மூக்குல வெச்சாளுங்க. பொழுதன்னைக்கும் தோலைத்தான் மோந்துக்கிட்டுக் கெடக்கேன், இதுல செருப்பு வேறயா? திட்டலாம்னு வாயைத் திறந்தா வாந்திதான் வந்துச்சு.

அதுக்கப்புறம் அடிக்கடி வந்துச்சு. இடது காதுல சதா இரைச்சல். வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுற டேனரில வேலை போயிருந்த நேரம், என் சம்பளத்துலதான் அடுப்பு எரிஞ்சுது. சூப்பர்வைசர், "இன்னொரு வாட்டி மெஷின் மேல விழுந்தா வீட்டோட இருந்துக்கம்மா"ன்னுட்டார். ஊசி கையில ஏறினா யார் பொறுப்பு, அவர் சொன்னது நியாயம்தான். ஆனா அன்னைக்கு மனசுக்குள்ள அவரைத் திட்டாத திட்டு இல்ல.

எனக்கு இடப்பக்கம் ஒரு அக்கா உக்காந்திருந்தா. என் முகம் வெளுத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும். பேச்சை நிறுத்தாமலே என் கையில இருந்த பீஸை இழுத்துத் தன் மெஷின்ல போட்டுக்குவா. நான் கண்ணை மூடிச் சாஞ்சு கெடப்பேன். சாயந்தரம் கணக்குல என் பேர்ல ஒரு பீஸ் கம்மி இருக்காது.

வேலூருக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போனதும் அவதான். காது டாக்டர் பொறுமையா சொன்னார்: "உள்காதுல தண்ணி ஜாஸ்தியா சேருது. மாத்திரைக்குக் கேக்கல. காதுக்குப் பின்னால எலும்பைக் குடைஞ்சு சின்னதா ஒரு சிலிக்கான் தகடு வெச்சா தண்ணி வடியும், சுத்தல் நிக்கலாம். அந்தக் காது கேக்காம போனாலும் போகலாம்."

"போனா போவுது சார், தரை நின்னா போதும்"னேன்.

ரெண்டுமே நடந்துச்சு. சுத்தல் நின்னுச்சு, இடது காது சுத்தமா போச்சு. யார் கையையும் பிடிக்காம பஸ் ஏறினதுக்கே எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்த டாக்டர் நல்லா இருக்கணும்னு இன்னைக்கும் வேண்டிக்கிறேன்.

திரும்ப வேலைக்குப் போனேன். என் மெஷின் எனக்கே இருந்துச்சு. ஆனா இடப்பக்கம் வேற யாரோ. திரும்பிப் பார்த்தா அக்கா வலப்பக்கம் உக்காந்திருக்கா, ஃபேன் காத்தே வராத இடத்துல, வேர்த்து வழிய. சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டு இடம் மாத்திக்கிட்டாளாம்.

"இன்னாக்கா இது?"ன்னேன்.

"அந்தப் பக்கம் உக்காந்தா நான் பேசுறது உனக்குக் கேக்காதுடி. நாள் பூரா நான் யார்கிட்ட பேசுறது?"

சொல்லிட்டு வழக்கம்போல பேச ஆரம்பிச்சா. ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேட்டுச்சு.