பாங்குக்குப் பிந்திய மெழுகுதிரி

கல்முனையில் ஒரு வீட்டின் வாடகை அறையில் இருக்கிறேன். மேசையில் இரண்டு மெழுகுதிரிகளும் இரண்டு பாண் ரொட்டிகளும் தயார். மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டதும் நெருப்புக்குச்சியை எடுக்கிறேன்.

அப்பா தமிழர், அம்மா யூதர். நான் அம்மாவின் மதம். வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் திரி ஏற்றி ஷபாத் என்னும் ஓய்வுநாளை வரவேற்கவேண்டும். மறைந்தபின் நெருப்பு மூட்டவோ சுவிட்சைத் தொடவோ கூடாது. பாங்கு கேட்டதும் ஏற்றலாம் என்று இருந்துவிட்டேன். பாங்கு சொல்வதே சூரியன் மறைந்த பிறகுதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. லண்டன் கேம்பஸில் என்றால் யூத நண்பர்கள் யாராவது கதவைத் தட்டி இழுத்துப் போவார்கள். நீள மேசையைச் சுற்றி இருபது பேர் பாடுவோம். பாட வராத என்னையும் விடமாட்டார்கள்.

குச்சியை உரசாமலே வைத்துவிடுகிறேன். அறை இருள்கிறது.

வீட்டுக்கார ராத்தா எட்டிப் பார்க்கிறார். “ஏன் தங்கச்சி இருட்டுக்க இரிக்கீங்க? கரண்ட் இரிக்கிதானே.”

“ஓம் ராத்தா, சும்மா இருக்கிறன்.”

கூடத்து டிவியில் காஸா செய்தி ஓடுகிறது. நான் யூதப் பெண் என்று ராத்தாவிடம் இதுவரை சொன்னதில்லை.

“தனிய இரிக்கக்க வெளிச்சம் வேணும்” என்று சுவிட்சைப் போட்டுவிட்டுத் தொழப் போகிறார்.

நாளை பொழுது சாயும்வரை இந்த விளக்கை நான் அணைக்க முடியாது. ராத்தாவிடம் அணைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு படுக்கிறேன்.