குமரவேல் வாசிக்காமல் போன திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி அறிவிப்புகளுக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கும் நாகராணி கதவைப் பாதி திறந்து, "மேடம், எம்.எல்.ஏ. சார் தவறிட்டாகளாம். தேனியில ஆட்டோல மைக்கக் கட்டிச் சொல்லிக்கிட்டுப் போறாக" என்றார்.

திரு. சோ. குமரவேல் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் இந்த வானொலி நிலையத்தில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அறிவிப்பாளர். நண்பகலுக்குள் தேனி பேருந்து நிலையத்திலிருந்து கம்பம் சாலை வரை பதாகைகள் கட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'வாய்மையின் குரல் ஓய்ந்தது'. அந்த முதல் சொல்லைப் படித்ததும் எனக்கு அருவருப்பு பொங்கியது. துக்கத்துக்குப் போகும் வழியில் அப்படி வரக் கூடாது. வந்தது.

எங்கள் நேயர் இதழுக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு வரியும் மாற்றக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் ஆண்டிபட்டிக்காரர். தறிக்காரக் குடும்பம். மைக் செட் கடை ஒன்றில் இருந்துகொண்டு திருவிழாக்களில் அறிவிப்புச் செய்தவர். காணாமல் போன பிள்ளையின் அடையாளத்தை அவர் சொன்னால் கூட்டம் தன் காலடியைக் குனிந்து பார்க்கும் என்பார்கள். நான் முதுகலை முடித்து இருபத்து மூன்று வயதில் இங்கே சேர்ந்தபோது அவர் எனக்குச் சில மாதம் மூத்த ஊழியர். என் படிப்பைக் கிண்டல் செய்து 'எம்.ஏ.' என்றுதான் கூப்பிடுவார். நான் 'அண்ணே' என்பேன்.

முதல் பருவத்திலேயே ஒரு தவறு செய்தார். முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள் வெள்ளிக்கிழமை. அவர் புதன்கிழமை என்று வாசித்துவிட்டார். வாசித்து முடித்து ஆண்டிபட்டிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரில் வந்த காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு திருத்தம். சற்று முன் புதன்கிழமை தண்ணீர் திறக்கப்படும் என்று வாசித்தேன். அது தவறு. வெள்ளிக்கிழமை என்பதே சரி. தவறு என்னுடையது. வாசித்தவர் குமரவேல்."

வெளியே வந்ததும், "இம்புட்டு அவசரமாண்ணே? அடுத்த அறிவிப்புல மாத்திச் சொல்லியிருக்கலாம்ல" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள வெத நெல்ல ஊறப் போட்டுட்டாகன்னா? மொளச்ச நெல்ல நீயா திங்கப் போற, எம்.ஏ.?" என்றார். பிறகு அவருடைய முறையைச் சொன்னார். "தப்ப மொதல்ல சொல்லணும். பெறகு சரியச் சொல்லணும். கடைசில யார் தப்புன்னு பேரோட சொல்லணும். 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு சொல்றானுகளே, அது என்ன மழையா, தானா நேர்றதுக்கு?"

அன்று முதல் எங்கள் நிலையத்தில் திருத்தம் என்றால் அந்த வடிவம்தான். நேயர்களுக்கும் அது பழகிவிட்டது. மற்றவர்கள் பிழையை மறைப்பார்கள், இவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குரல் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் வாங்கியது.

அனுமந்தன்பட்டியில் பவுன்தாய் என்ற விவசாயியை அவர் பேட்டி எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். நானும் உடன் போயிருந்தேன். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல் அவருடையது. மேலே இருந்த ஒரு வாழைத்தோட்டக்காரர் வாய்க்காலிலேயே மோட்டாரைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். கதிர் வரும் நேரத்தில் பவுன்தாயின் வயல் வெடித்துக் கிடந்தது.

ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியதும் அவர், "ஏய்யா, இதுல பேசினா தண்ணி வந்துருமா?" என்று கேட்டார்.

"தண்ணி வராது ஆத்தா. கேக்குறவுகளுக்கு வெக்கம் வரும்" என்றார் குமரவேல்.

பவுன்தாய் வரப்பில் நின்று, தோட்டக்காரரின் பெயரைச் சொல்லி, ஏழு நிமிடம் பேசினார். ஒரு சொல்லையும் நாங்கள் வெட்டவில்லை. ஒலிபரப்பான மூன்றாம் நாள் மோட்டார் எடுக்கப்பட்டது. அந்தப் போகம் பிழைத்தது.

அதன் பிறகு கட்சிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் மாநாட்டு மேடையில் வரவேற்பு சொல்ல அழைத்தார்கள். பிறகு தலைவர்களை அறிமுகம் செய்ய. பிறகு உள்ளூர்த் தொலைக்காட்சியில் கட்சிக்காக விவாதம் பேச. ஒருநாள் பணி விலகல் கடிதத்தை என் மேசையில் வைத்து, "ரேடியோவுல சொன்னா ஒரு போகத்துக்குத்தான் தண்ணி வருது. சட்டசபையில சொன்னா வருசா வருசம் வரும்ல" என்றார். நான் எளிதில் எதையும் நம்புகிறவள் இல்லை. அதை நம்பினேன். தேர்தலில் அவருக்குத்தான் ஓட்டும் போட்டேன்.

முதல் இரண்டு ஆண்டு நன்றாகவே செய்தார், அதை மறைக்க மாட்டேன். வாய்க்காலைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசினார். எங்கள் நிலையத்துக்கு ஒரு புது ஒலிப்பதிவு அறை கட்டித் தந்தார். பிறகு அந்த வாழைத்தோட்டக்காரர் கட்சியில் சேர்ந்தார். அவருடைய காரில் குமரவேல் முன்னிருக்கையில் போவதைப் பார்க்கத் தொடங்கினோம்.

இரண்டாவது தேர்தலில் எதிரணியினர் பவுன்தாயின் பழைய பேட்டியை ஒலிபெருக்கியில் போட்டபடி ஊர் ஊராகப் போனார்கள். தோட்டக்காரரின் பெயர் தெருவெல்லாம் கேட்டது. அன்று உத்தமபாளையம் மேடையில் குமரவேல் பேசினார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"அது பேட்டியே இல்ல. நாங்க போட்ட வானொலி நாடகம். அந்த அம்மா நம்ம ஊரு நாடகக் கலைஞர். வசனம் எழுதிக் குடுத்தது நானு. நல்லா நடிச்சாக, அம்புட்டுத்தான்."

வானொலியில் எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தி, எங்கே குரலைத் தாழ்த்துவாரோ அங்கே தாழ்த்திச் சொன்னார். ஜனம் சிரித்தது. நம்பியது. நம்பாமல் எப்படி? தன் தப்பைத் தானே பாட்டை நிறுத்திச் சொன்ன ஆள் அல்லவா?

அவர் வென்றார். மறு மாதமே வாய்க்காலில் மோட்டார் இறங்கியது. பவுன்தாய் மனு எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனபோது அங்கிருந்தவர் தாளை வாங்காமலேயே, "நீங்க நாடகத்துல நடிச்சவுகதான? இதுக்கு யாரு வசனம்?" என்று கேட்டிருக்கிறார். ஊரில் அவருக்கு 'நாடகக்காரி' என்றே பேராகிவிட்டது. களையெடுக்க ஆள் கூப்பிட்டால், "வாரேன், நடிக்கக் கிடிக்கச் சொல்லிராத" என்றார்களாம். தண்ணீர் போனதைவிட அவரை அரித்தது இதுதான்.

ஒருநாள் அவரை அழைத்துக்கொண்டு குமரவேலின் அலுவலகத்துக்குப் போனேன்.

"வா எம்.ஏ., இன்னும் ரேடியோவுலதான் இருக்கியா?" என்றவர், பின்னால் பவுன்தாயைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது.

பவுன்தாய் உட்காரவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாமய்யா. அது நாடகம் இல்லன்னு ஒங்க வாயால ஒருக்காச் சொல்லீருங்க. அந்தக் காலத்துல சொல்லுவீகளே, ஒரு திருத்தம்னு, அது மாதிரி."

"சொல்றேன் ஆத்தா. ஒரு நல்ல மேடையாப் பாத்துச் சொல்றேன்."

"பொய்யச் சொல்லயில மேடை பாத்தா சொன்னீக?"

குமரவேல் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

அடுத்த மாதம் அனுமந்தன்பட்டியில் ஒரு கல்யாண மேடையில் அவர் பேசியதை நாகராணி பதிவு செய்துகொண்டு வந்தார். "தேர்தல் நேரத்துச் சூட்டில் சில தவறுகள் நேர்ந்திருக்கலாம். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." மழையா, தானா நேர்வதற்கு? அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை இறங்கவில்லை. பொய்கூடப் பரவாயில்லை, அரசியலில் எல்லோரும் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். எப்படித் திருத்துவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர், எப்படித் திருத்தக் கூடாது என்று தெரிந்தே செய்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மூலப் பதிவு என் அலமாரியில் இருந்தது. நாங்கள் வெட்டாத ஏழு நிமிடம். அவர் கட்டித் தந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு, அரசியல் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன், நெஞ்சுவலி வந்து மதுரையில் மருத்துவம் பார்த்துத் திரும்பியிருந்த நேரத்தில், அவரே கைபேசியில் கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது.

"அந்தம்மா நல்லா இருக்காகளா, எம்.ஏ.?"

"இருக்காகண்ணே."

"கோவமா இருக்காகளா?"

"கோவமெல்லாம் இல்ல. காத்துக்கிட்டு இருக்காக."

"திங்கக்கிழமை ஸ்டுடியோவ எனக்கு ஒதுக்கி வையி. அஞ்சு நிமிசம் போதும்."

ஒதுக்கி வைத்தேன். பவுன்தாயும் வந்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குக் குமரவேலின் உதவியாளர் கூப்பிட்டார். கடமலைக்குண்டில் சமுதாயக்கூடத் திறப்பு, சார் அங்கே போய்விட்டார்கள், இன்னொரு நாள் வருவார்கள் என்றார். ரிப்பன் வெட்டப் போகத் தெம்பு இருந்திருக்கிறது. பவுன்தாய் காலியாக இருந்த மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாத்துப் பறிக்கணும், வாரேன்" என்று எழுந்து போனார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை.

இறுதி ஊர்வலத்தில் வண்டியின் முன்னால் ஒலிபெருக்கி கட்டி, அவருடைய பழைய வானொலிப் பதிவுகளைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் உடலுக்கு முன்னால் அவருடைய குரலே நேயர்களுக்கு வணக்கம் சொல்லியது. அருமையான குரல். கேட்கக் கேட்க எனக்கு வந்தது அழுகையா, குமட்டலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாழைத்தோட்டக்காரர் வண்டியைப் பிடித்தபடி நடந்தார்.

நேற்று அனுமந்தன்பட்டிக்குப் போய், வரப்பில் நின்று, கீழே உள்ளதைப் பவுன்தாயிடம் வாசித்துக் காட்டினேன்.

ஒரு திருத்தம். அனுமந்தன்பட்டி பவுன்தாய் வானொலியில் பேசியது நாடகம் என்று மேடையில் சொல்லப்பட்டது. அது தவறு. அவர் தன் வயலில் நின்று, தன் சொந்த வார்த்தைகளில், நடந்ததையே பேசினார் என்பதே சரி. தவறு குமரவேலுடையது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தவறு என்னுடையது.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அவுக கொரல்ல கேட்டிருக்கணும்" என்றார். குனிந்து, காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "சரி, போகட்டும். கடைசில பேரு சொல்லணும்ல. ஒம் பேரக் காணமே, தாயி. பேரு இல்லாட்டி அது எப்படித் திருத்தம்?"

போய் வாருங்கள், அண்ணே.

எழுதியவர் மலர்க்கொடி.