இன்டர்லாக் என்று எழுதாமல் விட்டேன்

நான் வலைப்பூ தொடங்கியது கல்விச் சேவைக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் தலைமையாசிரியரைப் பழிவாங்கத்தான் தொடங்கினேன்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பனியன் கம்பெனியில்தான் வேலை. கட்டிங் மேசையில் மிஞ்சும் துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி, மடித்தும் வெட்டியும் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தேன். பல்லடத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் அதைத் தலைமையாசிரியர் தாமே கண்டுபிடித்ததாகப் பேசி, பொன்னாடையோடு திரும்பி வந்தார். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க டீச்சர், யார் செஞ்சா என்னங்க? பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க பேரு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு மதிய இடைவேளையிலேயே கைப்பேசியில் வலைப்பூ திறந்தேன். மேலே என் பெயரைப் பெரிதாகப் போட்டேன். பின்னப் பாடத்தைப் படங்களோடு எழுதினேன். இனி என் பாடம் என் பெயரில்தான் இருக்கும் என்று ஒரே வீம்பு.

ஒரு வாரம் கழித்து அவரே வந்து, “படிச்சேனுங்க டீச்சர், நல்லா எழுதறீங்க” என்றார். அடுத்த பயிற்சியில் தாம் மேடையில் ஒரு பாடம் நடத்திக் காட்டப் போவதாகவும் சொன்னார். எங்கிருந்து எடுப்பார் என்று எனக்குத் தெரியாதா?

உடனே பரப்பளவுப் பாடத்தைப் பதிவிட்டேன். பனியன் துணியைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பெரிய சதுரத்தின் மேல் இடைவெளி இல்லாமல் பரப்பி எண்ண வேண்டும். ஒரு வார்த்தையை மட்டும் விட்டேன். இன்டர்லாக். பனியன் துணியில் அந்த வகைதான் வெட்டினாலும் தட்டையாகக் கிடக்கும். சிங்கிள் ஜெர்சி என்றால் வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது தெரியும். குன்னத்தூர்த் தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு எந்த வகையும் ஒரே பனியன் துணிதான்.

பயிற்சி நாளில் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தேன். அவர் பரப்பப் பரப்பச் சதுரங்கள் சுருண்டன. விரலால் நீவினார். மறுபடியும் சுருண்டன.

“சார், சிங்கிள் ஜெர்சிய எடுத்துட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க!” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன்.

நான்காம் நாள் வலைப்பூவில் முதன்முதலாக ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. எழுதியவர் எனக்கு அறிமுகமில்லாத ஓர் ஆசிரியை.

“டீச்சர், நான் வேலைக்கு வந்து மூணு மாசந்தானுங்க ஆகுது. அதிகாரி வந்தப்ப நீங்க எழுதுனபடியே செஞ்சனுங்க. துணியெல்லாம் சுருண்டு போச்சு. பசங்க முன்னாடியே திட்டீட்டாருங்க. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க.”

தலைமையாசிரியரைத் தவிர வேறு யாராவது படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூசிப்போனேன். பதிவில் அந்த வார்த்தையைச் சேர்த்தேன். பிறகு அந்த ஆசிரியைக்குப் பதில் எழுதினேன்: தப்பு உங்கள் மேல் இல்லை, இன்னொருவரை மாட்டிவிட நான்தான் வேண்டுமென்றே மறைத்தேன்.

தலைமையாசிரியர் அதையும் படிப்பார். படிக்கட்டும். அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு மேலேயும், நான் ஆசை ஆசையாகப் பெரிதாகப் போட்ட என் பெயர்தான் இருக்கிறது.