ஜெபத்தில் சேராத பெயர்

நாற்காலி செய்யும் தச்சர், லுத்தரன் ஆலயத்தில் ஞாயிறுதோறும் பொதுஜெபம் வாசிப்பவர். அவர் மனைவியின் தம்பி தேர்தலில் நின்றான்; அன்று அவரை ஆலய வாசலில் மடக்கினான்.

"ஜெபத்துல என் பேரையும் சேத்துடுங்க அத்தான்."

"என் ஓட்டு உனக்குத்தான் மாப்ளே. ஆனா பலிபீடம் உன் மேடை இல்ல."

"அப்ப இனி உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

ஆலயத்துக்குள் வர்ணக் கண்ணாடி ஜன்னலின் நீல ஒளி தரையில் தண்ணீராய் அசைந்தது. ஆர்கன் ஓசையில் மிதப்பவர்போல் எழுந்த தச்சர், மனைவியின் முகத்தைப் பாராமல், ஜெபப் புத்தகத்தில் அச்சிலிருந்தபடியே வாசித்தார்.

"ஆளுகிற அனைவருக்கும் ஞானம் தாரும்."

"ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றது சபை. முகத்தில் கோபம் மாறாமலே, சிறுவயதுப் பழக்கத்தில், மைத்துனனும் உரக்கச் சொன்னான்.