வளைவில் யார் முதலில் போவது

என் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரே பாதைதான். நடுவில் மஞ்சள் கோடு இழுத்து, ஒரு பக்கம் மனிதன் உருவத்தையும் மறுபக்கம் சைக்கிளையும் வரைந்திருக்கிறார்கள். மழையில் மனிதன் அழிந்துவிட்டான். சைக்கிள் மட்டும் மிச்சம். பின்னால் மணி அடித்தால் நடப்பவர்கள் இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாகச் சிதறுவார்கள். சைக்கிள்காரர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் காலை ஊன்றி நிற்பார். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஓய்வூதியக்காரனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பாதை விதிகளை நான் முதன்முதலில் எழுதியது வேறொரு இடத்துக்காக. மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது, லுக்குட்டுக்கு உட்புறமாக இருந்த ரப்பர் தோட்டமொன்றில் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தேன். மரங்களைச் சுற்றிப் பார்ப்பதும், தொழிலாளர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுப்பதும், நடந்ததையெல்லாம் வெள்ளைக்காரத் தொரைக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவரும் யாழ்ப்பாணத்தார்தான். அவர் விட்டுப்போன சைக்கிளும், ஒற்றை ஆளுக்குப் பெரிதான ஒரு வீடும் எனக்குக் கிடைத்தன. என் வீட்டார் சிரம்பானில், தெமியாங் பக்கம் இருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய்வர அனுமதி கிடைக்கும். மற்ற ஞாயிறுகளில் அந்த வீட்டின் எல்லா அறைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பேன்.

தொரைமார் கிளப்புக்குள் நான் போக முடியாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகலாம், போனால் பேச்சு நின்றுவிடும். உட்கார நாற்காலி வரும், காப்பி வரும், பிறகு ஒருவரும் உட்கார மாட்டார்கள். நான் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் நின்றுகொண்டே இருப்பதால் சூடு ஆறுவதற்குள் விழுங்கிவிட்டுக் கிளம்புவேன். நான் போனதும் சிரிப்பு கேட்கும். என் பேச்சைத்தான் செய்து காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாதையிலும் இதே மரியாதைதான். கிராணி சைக்கிளில் வந்தால் நடப்பவர்கள் மரத்தடிக்கு ஒதுங்க வேண்டும். தொழிலாளி சைக்கிளில் வந்தால் கிராணியைக் கண்டதும் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டவை எல்லாவற்றையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. என் மணிச்சத்தம் கேட்டதும் முன்னால் பாதை காலியாகும். வருடக்கணக்கில் மனிதர்களை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன்.

ஒதுங்காத ஒருத்தி இருந்தாள். பால்வெட்டும் பெண்; ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டவள். புருசன் இறந்த பிறகு லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். நான் மணி அடித்தாலும் பாதை ஓரமாகத் தன் போக்கில் நடப்பாள். நான் வேகத்தைக் குறைத்து, அவளைத் தாண்டுவதற்கு இடம் வரும்வரை பின்னாலேயே உருட்டிக்கொண்டு போவேன். தாண்டும்போது நிமிர்ந்து பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் எனக்கு அதற்குமேல் பழக்கம் யாரோடும் இருந்ததில்லை.

கம்பிவேலி வரும்வரை இதில் ஆபத்து இல்லை. தோட்டத்துக்குள் ஆளுக்கொரு குறுக்குவழி இருந்தது. பிறகு காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். குறுக்குவழிகளை அடைத்து, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காலையில் கேட் திறந்ததும் காவலர்கள் ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்புவார்கள். வெளியே சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. கேட்டிலிருந்து மரங்களுக்கும், மரங்களிலிருந்து பால் ஸ்டோருக்கும் ஒரே செம்மண் பாதை. நடப்பவர்கள், தோளில் கம்பு போட்டு இருபுறமும் பால் வாளி தொங்க வருபவர்கள், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்களின் சைக்கிள்கள், என் சைக்கிள், எல்லாம் அதில்தான். ஸ்டோருக்கு முன்னால் ஒரு வளைவு இருந்தது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம்.

அந்த வளைவில் ஒரு நாள் மண்டோர் தன் சைக்கிளால் அவளை இடித்துவிட்டார். வாளிகள் பள்ளத்தில் போயின. அவளுக்கு முழங்கை கிழிந்தது. அன்று மத்தியானம் மூன்று பேர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். மூன்றாவது ஆள், அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கைச்சாடையில் அவளோடு பேசத் தெரிந்தவள்.

“மணி அடிச்சேங்கையா,” என்றார் மண்டோர். “விடாம அடிச்சேன். அது பாட்டுக்கு ஆனை மாதிரி போவுது.”

“அவளுக்குக் காது கேக்காதுன்னு மண்டோருக்குத் தெரியாதாங்க?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “புருசன் சாவுக்குத் தப்பு அடிச்சப்பவே அவ திரும்பல. ஒங்க மணிக்கா திரும்பப் போறா?”

“ஒன்னை யாரு கேட்டா? அந்தாண்ட போ.”

“அப்ப அவளையே கேளுங்க. அவ சொல்றது வெளங்குனா எனக்கும் சொல்லுங்க.”

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் அவளுடைய முழங்கையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து தொரை கூப்பிட்டார்.

தொரை சொன்னது சுருக்கமானது. மணி கேட்காதவளுக்கு, காவலர் ‘நில்’ என்றாலும் கேட்காது. நிற்காவிட்டால் சுடுவார்கள். சுட்ட பிறகு அவர்தான் பதில் எழுத வேண்டும். ஆகவே மாதக் கடைசியோடு அவளைப் பால்வெட்டிலிருந்து எடுத்துவிடு. வேலை இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. வீடு இல்லையென்றால் எங்கே போவாள் என்று கேட்டேன். உறவுக்காரர்களிடம் போகட்டும் என்றார். அவளுக்கு உறவு யாரும் இல்லை. இருந்தாலும், அந்தக் காலத்தில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குக் குடிமாறுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். போகிற இடத்தில் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாதவருக்கு அனுமதி கிடைக்காது. இதையெல்லாம் நான் விளக்கினேன். தொரைக்கு என் விளக்கங்களில் எப்போதுமே ஒரு களைப்பு உண்டு. பாதையைச் சரிசெய்ய முடியுமானால் செய்து காட்டு, மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்றார்.

நான் விதிகள் எழுதினேன். நடப்பவர்கள் வலது ஓரம், எதிரே வரும் சைக்கிள் கண்ணில் படும்படி. சைக்கிள்கள் இடது ஓரம். வளைவில் சைக்கிளில் வரும் எவரும், மண்டோரும் கிராணியும் உட்பட, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், நடப்பவர்களுக்கே முதலிடம். இன்றைக்குப் பார்த்தாலும் நல்ல விதிகள். பூங்காவில் இருப்பவற்றைவிட நல்லவை.

காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மண்டோர் அவற்றைப் படித்தார். மருந்து குடிப்பவர் முகத்தோடு படித்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“நான் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா நாளைக்கு எவன்யா என் பேச்சைக் கேப்பான்?”

“நானும்தான் இறங்கிறன்.”

“நீங்க எறங்கலாம். ஒங்களுக்கு ஆபீஸ் இருக்கு. எனக்கு இந்தச் சைக்கிள்தான் இருக்கு.”

அன்று மத்தியானம் பால் இறங்கும் நேரத்தில் நான் வளைவுக்கு வந்து, எழுதியபடி இறங்கினேன். முன்னால் வாளிகளோடு ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவர் நின்றார். முன்னால் இருந்தவர்களும் நின்றார்கள். எல்லாரும் தோளிலிருந்து கம்பை இறக்கி வாளிகளைக் கீழே வைத்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

“ஐயா சைக்கிள் கெட்டுப் போச்சுங்களா?”

“இல்லை. நீங்கள் போங்கோ.”

“ஐயா முன்னாடி போங்க.”

“நீங்கள் போனால்தான் நான் போவன்.”

அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அந்த நாட்களில் அதிகாரமுள்ள ஒருவர் வண்டியை விட்டு இறங்குவதற்கு ஒரே காரணம்தான் உண்டு: சோதனை. ஒரு பெண் தானாகவே மடியை அவிழ்த்து உதறிக் காட்டினாள். அதில் ஒரு வெற்றிலையும் பாக்குத் துண்டும் இருந்தன. அடுத்தவள் தலைத்துணியைப் பிரித்தாள். ஒரு கிழவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“என்ன தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா திருத்திக்கிடுவோங்க.”

தப்பு ஒன்றுமில்லை என்றேன். அது அவர்களை இன்னும் பயப்படுத்தியது. மறுபடி ஏறிப் போய்விடலாம். போனால் விதி போச்சு. நின்றால் பால் போச்சு. வெயிலில் வைத்த பால் காத்திருக்காது, கட்டியாகிவிடும். நான் விதியின் பக்கம் நின்றேன். எல்லாரும் என்னோடு நின்றார்கள்.

அப்போது அவள் வந்தாள். எனக்குப் பின்னாலிருந்து, வலது ஓரமாக, முழங்கைக் கட்டோடு, இரண்டு வாளிகளையும் தளும்பாமல் சுமந்துகொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சாடையில் விதிகளை நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னைத் தாண்டினாள். நின்றுகொண்டிருந்த முழு வரிசையையும் தாண்டினாள். இவ்வளவு பேர் ஏன் பாதையில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வளைவில் மறைந்தாள். என் விதிகளின்படி அந்தத் தோட்டத்தில் யாராவது நடந்தார்கள் என்றால் அது அவள் ஒருத்திதான், அந்த ஒரு தடவைதான்.

அன்று பால் பாதி கட்டியாகி ஸ்டோருக்கு வந்தது. தொரை என் விதிகளைக் கிழிக்கவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். யாரும் யாருக்காகவும் இறங்க மாட்டார்கள், நான் இறங்கினாலும் நம்ப மாட்டார்கள். இதுதான் அந்தப் பாதையின் உண்மையான சட்டம். அதை மாற்ற எனக்குச் சம்பளமும் போதாது, ஆயுளும் போதாது. ஆனால் அங்கே எல்லாரும், மண்டோர் உட்பட, முகம் சுளிக்காமல் கீழ்ப்படிந்த ஒன்று இருந்தது. பாதுகாப்பு என்ற சொல்.

கேட் பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரியிடம் போனேன். சைக்கிள் பம்புக்குள்ளும் டயருக்குள்ளும் அரிசி கடத்தலாம் என்று அவருக்கு நினைவூட்டினேன். நடப்பவர்களோடு கலந்து அவசரமாகச் சோதிப்பதைவிட, நடப்பவர்கள் எல்லாரையும் முதலில் அனுப்பிவிட்டு, சைக்கிள்களை நிறுத்திவைத்து நிதானமாகச் சோதிப்பது பாதுகாப்புக்கு நல்லது என்றேன். மத்தியானமும் அப்படியே: கடைசி வாளி ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை சைக்கிள்கள் ரப்பர் மரங்களுக்கிடையிலேயே நிற்கட்டும். சரியாகக் கேட்காத தொழிலாளி யாராவது இருந்தால் எப்போதும் பக்கத்து வீட்டாரோடு சேர்த்தே கேட்டைத் தாண்டட்டும். காவலர்கள் முகம் அறிந்துகொள்ளட்டும். காது கேட்காதவரைப் பற்றியதைப் பேச்சின் நடுவில் செருகியிருந்தேன். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நல்ல யோசனை, முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றார். மறுநாளே அவருடைய உத்தரவாக அது வந்துவிட்டது.

மண்டோர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றார். கவர்மெண்டுக்காகக் காத்து நிற்பதில் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை. தொரைக்குப் போலீஸ் கையெழுத்து இருந்ததால் பதில் எழுதும் கவலை இல்லை. மாதக் கடைசி வந்தது, போனது. அவளை ஒருவரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. கடைசி வீட்டில் அடுப்பு எரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் பால் நிறுக்கும்போது, “ஐயாகிட்ட அவ ஒன்னு சொல்லச் சொன்னா,” என்றாள்.

“என்ன?”

“இப்பல்லாம் ஐயாவைப் பாதையில காணோமேன்னு. ஒடம்புக்கு முடியலையான்னு கேட்டா. போலீசு உத்தரவுன்னு சாடையில எப்படிச் சொல்றது? ஊருக்குப் போயிட்டு வர்றாருன்னு சொல்லி வச்சேன்.”

அது போதும் என்று சொன்னேன்.

உத்தரவு கம்பிவேலி இருந்தவரை இருந்தது. தினமும் காலையில், சைக்கிள்களை மறித்துக் கேட்டில் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் மண்டோரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். நடுவில் அவள் நடப்பாள், பக்கத்து வீட்டுக்காரியின் முந்தானை அவள் கையில். வரிசை மரங்களுக்குள் போய், பேச்சுச் சத்தமும் அடங்கிய பிறகுதான் காவலர் எங்கள் பம்பைத் திறந்து பார்ப்பார்.

“சேர்ந்தே போவமே,” என்று ஒரு நாள் மண்டோரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“அது முறையில்லீங்க. ஐயா முன்னாடி போங்க. நான் அப்பறமா வர்றேன்.”

நான் ஏறி மிதித்தேன். செம்மண் பாதை சுத்தமாக, முழு அகலத்துக்கும் எனக்கே இருந்தது. வளைவில் யாரும் இல்லை. இருந்தாலும் அந்த இடத்தில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வேலையை விடும்வரை அப்படித்தான் போனேன்.