பொட்டித் துரையின் படத்தில் அக்கா

அந்த அர்ஜென்டினாக்காரர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா பணிமனைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அதனால் கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினான்கு.

அவர் தம் நாட்டில் சினிமாப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவராம். கீழை நாடுகளைப் படமெடுக்கக் கப்பலேறி வந்து போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியிருந்தார். முக்காலியில் நிறுத்திய கேமராப் பெட்டியின் கைப்பிடியை அவர் சுற்ற, பிள்ளைகள் நாங்கள் “பொட்டித் தொரை! பொட்டித் தொரை!” என்று கூவிக்கொண்டு சுற்றி நின்றோம். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்காவைக் குடத்தோடு நடந்து வரும்படி அவர் சைகை காட்டினார்.

எங்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. எடுத்தால் ஆயுள் குறையும் என்பது அம்மாவின் தீர்மானம். அக்கா வயதுக்கு வந்தபோது சீனர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போக அப்பா ஆசைப்பட்டும் நடக்கவில்லை. அன்று மட்டும் அம்மா ஒரு நுட்பமான விதிவிலக்கைக் கண்டுபிடித்தாள்.

“நிக்கிற படந்தான் உசுரப் புடிச்சி நிறுத்தும். இது நடக்குற படம். போ, குனியாம நடந்து வா.”

அக்கா நடந்தாள். பாதி வழியில் சிரித்துவிட்டாள். தண்ணீர் தளும்பித் தோளெல்லாம் நனைந்தது. துரை கைதட்டினார். போகும்போது அப்பாவிடம் தம் முகவரிச் சீட்டைக் கொடுத்தார்.

தை பிறக்கும் முன்பே அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். ஆறே நாள். நடக்கும் படமும் ஆயுளைக் குறைக்குமா என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை.

மாதங்கள் போகப் போக அவள் முகம் எங்களுக்கு நழுவத் தொடங்கியது. “மச்சம் எந்தக் கன்னத்துலடி இருந்திச்சி?” என்று அம்மா என்னைக் கேட்பாள். எனக்கும் குழம்பியது. அப்பா அந்த முகவரிச் சீட்டைத் தேடி எடுத்தார். ஆபீசில் எழுத்து வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் கிராணி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘படச்சுருளில் என் மகள் இருக்கும் துண்டு, விரலகலம் போதும்’ என்று.

பதில் வர ஒன்றரை ஆண்டாயிற்று. கிராணி முதலில் தமக்குள் படித்தார்.

“என்னா அண்ணே, அனுப்புறாராமா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. பேசுற படம் வந்திருச்சாம். ஊமைப்படத்த இனிமே யாரும் சீண்ட மாட்டாங்களாம். அவரு எடுத்தது எல்லாத்தையும் கம்பெனிக்காரன் உருக்கிச் சீப்பு செய்யக் குடுத்துட்டானாம். அவரு கையில ஒரு துண்டும் இல்லையாம். இப்ப துணிக்கடையில வேலையாம். மன்னிப்புக் கேட்டிருக்காரு.”

பின்னாளில் சினிமா வரலாறு என்று கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். ஒன்றில் அவர் பெயர் இருந்தது. படங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பிரதி இல்லை’. பிறந்த ஆண்டு இருந்தது. இறந்த ஆண்டுக்குக் கேள்விக்குறி.

ஆனால் அன்று எனக்கு எல்லாம் எளிதாகத் தெரிந்தது.

“அந்தச் சீப்ப யாரு வாங்குனாங்கன்னு கேட்டு எழுதுங்கப்பா,” என்றேன்.

அப்பா “சரி” என்றார். அந்த வாரம் எழுதவில்லை. அடுத்த மாதமும் எழுதவில்லை. அக்காமேல் அவருக்கு ஆசையே இல்லை என்று முடிவு கட்டி, அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.